விருந்து மேசையில் ஒரு வரலாறு

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், ஷானன் விமான நிலையத்துக்கு அருகே பன்ராட்டிக் கோட்டை நிற்கிறது. அவ்விடத்தில் முதற் கற்கோட்டையை எழுப்பியவர்கள் 13ஆம் நூற்றாண்டின் நார்மானியர். இன்று நாம் காண்பதோ 1425 அளவில் மக்நமாரா குலத்தார் கட்டியது. பின்னர் அது ஓபிரையன் குலத்தார் கைக்கு வந்தது. 1646இல் முற்றுகையைக் கண்டது. 1804இல் அன்றைய உரிமையாளர் வெளியேறிய பின் படிப்படியாகச் சிதைந்தது. 1954இல் கோர்ட் பிரபு அதனை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். 1960இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1963இல் தொடங்கிற்று, உலகப் புகழ்பெற்ற அதன் 'இடைக்கால விருந்து'.

விருந்தினர் நீண்ட மேசைகளில் அமர்கின்றனர். தேன்மது வழங்கப்படுகிறது, யாழ் இசைக்கப்படுகிறது. வந்தோருள் ஒருவர் அன்றிரவுக்கு மட்டும் 'ஏர்ல்' எனும் பிரபு ஆக்கப்படுகிறார். பொய்க் குற்றம் சாட்டப்பட்ட மற்றொருவர் நிலவறைக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். கூடம் முழுவதும் சிரிக்கிறது.

நமது கேள்வி இந்தச் சிரிப்பைப் பற்றியதே. 'ஏர்ல்' என்னும் பட்டம் ஓபிரையன்களுக்கு எவ்வாறு வந்தது? 1543இல் தோமண்ட் மன்னர் முரோ ஓபிரையன், இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியிடம் தம் அரசுரிமையை ஒப்படைத்தார். அதற்கு ஈடாகப் பெற்றதே அப்பட்டம். தம் முன்னோர் ஆண்ட நிலத்தை அயல் மன்னரின் கொடையாக அவர் திரும்பப் பெற்றார். 1601இல் கின்சேல் போரில் நான்காம் ஏர்ல் டொனோ ஓபிரையன் ஆங்கிலேயர் அணியில் நின்றார். அப்போரில் அயர்லாந்தார் அடைந்த தோல்வியோடு பழைய கேலிக் ஆட்சிமுறை நிலைகுலைந்தது. ஓர் இனம் தன் அரசை இழந்த கதை அடங்கிய சொல் அது. அதனை உணவுக்கு இடையே ஒரு வேடிக்கையாக்குவது முறையாகுமா?

"விருந்தின்றேல் வருவாயில்லை, வருவாயின்றேல் கோட்டையுமில்லை" என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஜெட் விமானங்கள் எரிபொருளுக்காக ஷானனில் இறங்கும் தேவை குறைந்தபோது, அவ்வட்டாரத்தின் பிழைப்புக்கு வழிதேடியவர்கள் சுற்றுலாவை நாடினர். அதனால் பலர் வீட்டில் அடுப்பெரிந்தது. கோட்டையின் பெருங்கூடமும் விருந்தோம்பலுக்கென்றே கட்டப்பட்டது. ஆகவே விருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாழடைந்து கிடப்பதே புனிதம் என்னும் கொள்கையும் நமக்கில்லை.

ஆயினும், கல்லை மட்டும் காப்பது பாதுகாப்பாகாது. அக்கல் எதற்குச் சாட்சியோ அதுவும் காக்கப்பட வேண்டும். நிலவறை என்பது மனிதன் மனிதனை அடைத்து வைத்த இடம். அதனை நகைப்பிடமாக்கிப் பழகிய உள்ளம், இன்றைய சிறைகளையும் அவ்வாறே கடந்து செல்லும். இறந்தோர் மறுத்துப் பேசார் என்பதற்காக அவர்தம் வாழ்வை நம் விருப்பப்படி வேடமிட்டு விற்பது அறமன்று.

நாம் கேட்பது பெரிதன்று. ஏர்லுக்கு முடிசூட்டுமுன் 1543ஐப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். நிலவறைக் கதவைத் திறக்குமுன் ஒரு கணம் மௌனம் நிலவட்டும். விருந்தின் சுவை அதனால் குறையாது. உண்டெழுவோர் வயிறு நிறைந்து மட்டுமன்றி, தாம் எவர் வீட்டில் உண்டோம் என்பதை அறிந்தும் செல்வர்.