கரண்டிக்கு வயது தெரிய வேண்டும்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன்

ஒரே உலையில் பொங்கி, ஒரே கரண்டியால் பரிமாறி, ஒன்றாக உண்பது நம் குடும்பங்களின் சிறப்பு. அந்தக் கரண்டி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அது எல்லோரிடமும் பொதுவாக நடந்துகொள்கிறதா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா. மருத்துவக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கில்லை. நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வகுப்பில் படித்த ஒன்று வீட்டில் நடந்த ஒன்றோடு மோதியது. அந்த மோதலில் பிறந்த கருத்தை நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

கடந்த ஆடி மாதம், பதினோராம் வகுப்பு படிக்கும் என் தங்கை பள்ளியின் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். வெயில் என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார் அப்பாயி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஹீமோகுளோபின் 8.4 என்று சீட்டில் எழுதித் தந்தார்கள். அவள் வயதுப் பெண்ணுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. "வீட்டில் என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று செவிலியர் கேட்டார். "எல்லாரும் சாப்பிடுறதுதான்" என்றாள் தங்கை. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறார். அப்பாயி எழுபதைத் தாண்டியவர். பிறகு நானும் தங்கையும். இரவுச் சாப்பாட்டுக்கு முதலில் அப்பா அமர்வார், உடன் நான். படிக்கிற பிள்ளை என்பதால் குழம்பில் கிடக்கும் மீன் துண்டும் காயும் என் தட்டுக்கு வரும். அடுத்து அப்பாயி. "கிழவிக்கு என்ன வேண்டியிருக்கு" என்று தானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுவார். பிறகு தங்கை. கடைசியில் குண்டானின் அடியைச் சுரண்டிக்கொண்டு அம்மா. இதில் யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. முட்டையை நீட்டினால் "அண்ணனுக்கு வையும்மா" என்று சொல்பவளே என் தங்கைதான். அன்பின் பெயராலேயே இந்த வரிசை நடந்தது. ஆகவே, அதில் தவறு இருக்கக்கூடும் என்று பத்தொன்பது வயது வரை எனக்குத் தோன்றவே இல்லை.

அதே மாதத்தில் உடலியங்கியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஓர் அட்டவணையை எழுதிப் போட்டார். எந்த வயதினருக்கு நாள்தோறும் எந்தச் சத்து எவ்வளவு தேவை என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை அது. அந்த நிறுவனம் நம் குன்னூரில் பிறந்தது என்பதைப் பலர் அறியோம். பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் அங்கே ஒரே அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத் சென்றது.

அட்டவணையை நோட்டில் எழுதிக்கொண்டபோது என் வீட்டுப் பந்தியையே எழுதுவது போலிருந்தது. கடும் உழைப்பு உழைக்கும் ஆணுக்கு 3470 கிலோ கலோரி வேண்டும். ஆகவே அப்பாவின் தட்டில் சோறு குவிவது நியாயமே. கடும் உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு 2720 வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கோ 2110 போதும். அப்படியானால் வயலில் குனிந்து நிமிரும் என் அம்மாவுக்கு, வகுப்பில் அமர்ந்திருக்கும் என்னைவிட அதிகம் வேண்டும். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 2500. தங்கையும் என்னை முந்திவிட்டாள். இரும்புச் சத்தைப் பார்த்தபோது எனக்குத் தலை குனிந்தது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம்; அவள் வயதுப் பெண்ணுக்கு 32. வளர்ச்சியும் மாதவிலக்கும் ஒருங்கே சேரும் பருவம் அது. அந்த அட்டவணையில் இரும்புச் சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் வரிசையே அவளுடையதுதான். எங்கள் வீட்டிலோ கீரையும் மீனும் ஈரலும் முதலில் வந்தது என் தட்டுக்கு.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே அதிகம் பேசுகிறார். அந்த அளவு ஆயுள் முழுவதும் ஒன்றாக இருப்பதன்று என்பதை இன்றைய அறிவியல் எண்களால் காட்டுகிறது.

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காகிறது. ஓராண்டில் மூன்று மடங்காகிறது. அந்த வேகத்தில் நாம் பிறகு ஒருபோதும் வளர்வதில்லை. தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத அளவில் தீர்ந்துவிடும். ஆகவே அதன்பின் தாய்ப்பாலோடு குழைத்த பருப்புச் சோறும் கீரையும் முட்டையும் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 1010 கிலோ கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் தந்தையின் தேவையில் ஏறத்தாழப் பாதி! வயிறோ கையளவு. மூன்று வேளை போதாது. சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்ட வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு வழக்கத்தைவிட 350 கிலோ கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் கூடுதல் தேவை 600 கிலோ கலோரி. "நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகும்" என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. அது தாயையும் சேயையும் சேர்த்துப் பட்டினி போடுவதாகும்.

முதுமையில் எரிபொருள் தேவை குறையும். ஆனால் புரதத் தேவை குறையாது. தசை கரைகின்ற வயதில் அதைத் தாங்குவது புரதம்தான். சுண்ணாம்புச் சத்தோ 1000 மில்லிகிராமிலிருந்து 1200 ஆக உயர்கிறது. ரசஞ்சோற்றில் இவ்விரண்டும் எவ்வளவு இருக்கும்? பல் இல்லாத அப்பாயிக்கு வேண்டியது குறைந்த சோறன்று. குழைவான பருப்பும் கேழ்வரகுக் கூழும் மோரும்தான். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இதுவரை வீட்டுக் கரண்டியைச் சொன்னேன். அரசின் கரண்டியையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகேன்.

பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் சோறிட்ட பெருமை தமிழகத்துக்கு உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாக மாநிலமெங்கும் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் எட்டியது. பின்னர் முட்டை வந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. நான் பத்தாம் வகுப்பு வரை அந்தச் சோற்றில் வளர்ந்தவன். வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. அந்த நன்றியை மறந்தால் எனக்குப் படிப்பு எதற்கு?

ஆனால் பதினோராம் வகுப்பில் சேர்ந்த நாளில், அதே பள்ளியில், அந்தத் தட்டு என் கையை விட்டுப் போனது. அட்டவணையை மீண்டும் பாருங்கள். 16 முதல் 18 வயது ஆணுக்கு 3320 கிலோ கலோரி. மூட்டை தூக்கும் என் அப்பாவின் தேவைக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். பெண்ணுக்கு இரும்பு 32 மில்லிகிராம். எலும்பு தன் ஆயுளுக்கான வலுவைச் சேமிப்பதும் இந்தப் பருவத்தில்தான். முப்பதுக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். ஆக, தேவை உச்சியைத் தொடும் வயதும் தட்டு எடுக்கப்படும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. பதினைந்து வயதில் வளர்ச்சி நின்றுவிடுவதாக யார் முடிவு செய்தார்கள்?

அதன் விளைவை நம் கல்லூரியிலேயே காணலாம். எங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்து காலை 6.40-க்கு. அதை விட்டால் முதல் வகுப்பு போய்விடும். அந்நேரத்துக்குள் அம்மாக்களால் உலை வைக்க முடிவதில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் பன்னும்; மாணவியர் பலருக்கு அதுவும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பித்தான் சோறு. உணவோடு குடிக்கும் தேநீர் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பது வேறு. பள்ளியில் வாரந்தோறும் தந்த நீல நிற மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்த தோழியரை நாம் கேலி செய்ததுண்டு. வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் குமட்டும் என்பதை இப்போதுதான் அறிகிறேன். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் நூறு பேரில் 53 பேருக்கு இரத்தச் சோகை. நம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். அது எத்தனை பெயர்கள் என்று தெரியும்.

"அரசுப் பள்ளியில் படித்த கல்லூரி மாணவியருக்கு 2022-இலும் மாணவருக்கு 2024-இலும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள் வந்தனவே, அதில் உண்ணக் கூடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருபத்திரண்டு வேலை நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 45 ரூபாய். ஒரு வேளைக்கு ஆகக்கூடிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் கடனும் மருந்துச் செலவும் உள்ள வீட்டில் பணம் சோறாக மாறுவதற்கு முன் வேறு பலவாக மாறிவிடும். என் பணம் தேர்வுக் கட்டணத்துக்கும் அப்பாவின் முதுகுவலி மாத்திரைக்கும் போகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டில் விழுந்த உணவு மட்டுமே உண்பவனுக்கு உறுதி. சத்துணவைத் தொடங்கியவர்கள் பணமாகத் தராமல் சோறாகத் தந்ததன் அறிவு இதுதான்.

"கல்லூரி மாணவன் வளர்ந்தவன் அல்லவா, அவனுக்கும் ஊட்ட வேண்டுமா?" என்றும் கேட்கலாம். ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது, உண்மை. ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் சம்பாதிக்கும் வயதைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறான். அவன் வீட்டுக் குண்டானில் அந்த இழப்பு தெரியும்.

ஆகவே என் கருத்து இது. சத்துணவு பன்னிரண்டாம் வகுப்பு முடியவும், பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் நீள வேண்டும். அரசு ஆணைக்காக நாம் கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். நம் கல்லூரியில் முற்பகல் இடைவேளையில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்க ஓர் அடுப்பும் ஓர் அண்டாவும் போதும். ஐம்பது கிராம் கொள்ளில் ஏறத்தாழ பத்து கிராம் புரதம் உண்டு. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தால் அதிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முறை வைத்து அவிக்கட்டும். முதல் வாரத்து முறையை நான் ஏற்கிறேன். ஆண்டுக்கொரு முறை மாணவ மாணவியர் அனைவருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கவும் முதல்வர் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே, இன்னொரு வேண்டுகோள் உங்களுக்கு. வீட்டில் உங்கள் தட்டுக்கு முதலில் வருவது என்ன, கடைசித் தட்டுக்குப் போவது என்ன என்று இன்றிரவு பாருங்கள். இன்று பதினாறு வயதில் ஒருத்திக்குக் கிடைக்காத கீரை, சில ஆண்டுகள் கழித்து அவள் பெறும் பிள்ளையின் எடையில் குறையாகத் தெரியும். கடைசித் தட்டின் கணக்கு அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டியை நான் வாங்கிக்கொள்கிறேன். "ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குய்யா" என்று அப்பாயி முதலில் கடிந்துகொண்டார். இப்போது தட்டை நீட்டிப் பருப்பு கேட்கிறார். அம்மா எங்களோடு அமர்ந்து உண்ணப் பழகிக்கொண்டிருக்கிறார். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போவது மட்டும் இன்னும் மாறவில்லை. சுவரொட்டி வாங்கிய நாளில் முதல் துண்டு தங்கைக்கு. மூன்று மாத மாத்திரைக்குப் பின் அவளுடைய ஹீமோகுளோபின் 11.2. இன்னும் 12 ஆகவில்லை. ஆக வேண்டும்.