கல்விக் கடன்: வங்கி வாசலில் நின்றுவிடும் தணிக்கை

புது தில்லி:

கல்விக் கடனுக்கு மத்திய அரசு வழங்கும் வட்டி மானியம் மாணவரின் கணக்கில் முழுமையாகச் சேர்ந்ததா? நாடாளுமன்றம் கேட்க வேண்டிய இக்கேள்விக்கு விடை காணும் தணிக்கை முறை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, படிப்புக் காலத்துக்கும் அதன் பின்னரான சலுகைக் காலத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டில் தொடங்கியது. இதன் ஒருங்கிணைப்பு வங்கி கனரா வங்கி. கடன் கொடுத்த வங்கி உரிய காலத்தில் கோரிக்கை அனுப்பினால்தான் மானியம் கிடைக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு போன்ற சிற்றூரின் பெற்றோர், வருமானச் சான்றிதழைக் கொடுப்பதோடு தங்கள் கடமை முடிந்தது என்றே கருதுவர். கோரிக்கை விடுபட்டால், அந்த வட்டி மாணவரின் கடனில் ஏறிவிடும்.

அமைச்சகம் விடுவித்த தொகையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராயலாம். ஆனால், தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் கணக்குகள் அவரது தணிக்கை வரம்பில் இல்லை. அவற்றைத் தணிக்கை செய்பவை பட்டயக் கணக்காளர் நிறுவனங்களே.

தில்லியின் கணக்கிலும் தெளிவு இருக்கவில்லை. இடைநிலை, உயர் கல்விக்கென 2007-ல் 1 சதவீத செஸ் விதிக்கப்பட்டது. 2016-17 வரை இதன் மூலம் ரூ.83,497 கோடி வசூலான போதிலும், அதற்கெனத் தனி நிதியம் இல்லை. செலவிட வேண்டிய திட்டங்களும் அடையாளம் காணப்படவில்லை என்று 2017 டிசம்பரில் தாக்கலான தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. வட்டி மானியத்துக்கும் பயன்படக்கூடிய தனி நிதியத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்ததே 2017 ஆகஸ்டில்தான்.

இதற்கிடையே, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், தனது கல்விக் கடன்களில் ஒரு பகுதியை 2016-ல் ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, நிலுவையைவிடக் குறைந்த விலைக்கு விற்றது. மறு ஆண்டில் கேரள அரசு ரூ.900 கோடி மதிப்பிலான நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. ரூ.4 லட்சம் வரையிலான வாராக் கடனில் 60 சதவீதத்தை மாநில அரசு ஏற்கும் என்பது அதன் முக்கிய அம்சம்.

இங்குதான் தணிக்கையின் அவசியம் எழுகிறது. அந்த நிலுவையில் அசல் எவ்வளவு, கோரப்படாமல் விடுபட்ட மத்திய மானியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காவிட்டால், தில்லி செலுத்தியிருக்க வேண்டிய வட்டியைக் கேரள மக்களின் வரிப்பணம் சுமக்க நேரிடும். மீதம் மாணவரின் தலையில் விழும்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2030-31 வரை ரூ.3,600 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. மானியத்தை மின்னணு வவுச்சர், டிஜிட்டல் ரூபாய் வழியாக வழங்க வகை செய்யப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், அனுப்பிய பணத்தின் தடத்தை மட்டுமே இது காட்டும். அனுப்பப்படாத கோரிக்கையைக் காட்டாது. தகுதியுள்ள கடன்கள் எத்தனை, கோரிக்கை சென்றவை எத்தனை என்று வங்கிவாரியாக ஒப்பிட்டு ஆண்டுதோறும் அவையில் வைக்குமாறு பொதுக் கணக்குக் குழு வலியுறுத்த வேண்டும். அதுவரை, மானியம் வழங்கப்பட்டதாக அரசேட்டில் இருக்கும். கடன் மாணவரின் பெயரில் இருக்கும்.