கடை எடுத்த தம்பி

"தம்பி இலண்டனிலை கடை எடுத்திட்டான்" என்று மண்டைதீவுத் தாயொருத்தி சொல்லக் கேட்டால் அயலார் முகம் மலர்கின்றது. என்ன கடை என்று வினவுவோர் சிலரே. பலசரக்குக் கடையாயின் அதனைத் தாயே முந்திச் சொல்லியிருப்பாள். மதுச்சாலையாயின், "கடைதான்" என்ற அளவிலே விடை நின்றுவிடும். திருவெண்காட்டுப் பிள்ளையாருக்கு உபயம் செய்யும் குடும்பத்தார் வாயில் அச்சொல் எளிதில் வருவதில்லை. கள் விற்கும் இடத்துக்கு நாம் வழங்கும் தவறணை என்னும் பெயரே மேனாட்டார் விட்டுப்போனதுதான். சொல்லை ஏற்றுக்கொண்ட நாம், அதற்கு முதலாளியாய் இருப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம்.

மது நன்றோ தீதோ என்பது இவ்வார ஆராய்ச்சியன்று. காணியை ஈடுவைத்தும், நகையை அடைவு வைத்தும், சீட்டெடுத்தும் சேர்த்த பணம் பிறநாட்டு மதுச்சாலையொன்றிற் போய் விழும்போது, அதற்குப் பதிலாக யாருடைய கைக்கு என்ன வருகிறது என்பதே எமது கேள்வி. வெட்கத்தினாற் பெயர் சொல்லாத தொழிலைப் பற்றி வீட்டார் விசாரிப்பதுமில்லை. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தீவுப்பகுதியார்க்கு அயலூரிற் கடை வைத்தல் புதிதன்று. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சாப்பாட்டுக் கடையும் சுருட்டுக் கடையும் நடத்தியவருள் தீவார் மிகப் பலர். சிறுவராய்ப் போய்க் கடை கூட்டி, கணக்கெழுதப் பழகி, பங்காளியாகிப் பின் முதலாளியானவர்கள் அவர்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் மூண்ட வன்செயல்களில் அக்கடைகள் பல எரிந்தன. 1990இற் போர் மண்டைதீவையே வெறிச்சோட வைத்தது. மக்கள் பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்குமாகச் சிதறினர். கடைத்தொழிலும் உடன் போயிற்று. ஆயினும் பலசரக்குக் கடையில் முதல் என்பது சரக்கு. மதுச்சாலையில் முதல் என்பது ஓர் அனுமதி. பழைய முதலாளிமாரின் அனுபவம் இங்கே முழுவதும் கைகொடாது.

பிரித்தானியாவில் வந்தேறிகள் மதுச்சாலை வாங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. பேர்மிங்ஹாமுக்கு அருகே சிமெதிக் என்னும் ஊரில், 1960களில், கறுப்பினத்தவரையும் இந்தியரையும் நல்ல அறைக்குள் விடாத மதுச்சாலைகள் இருந்தன. 1965 பெப்ரவரி 12ஆந் திகதி அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் அவ்வூருக்கு வந்து அந்நிறத்தடையை நேரிற் பார்த்தார். ஒன்பது நாள் கழித்து நியூயோர்க்கிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவில் நடைமுறைக்கு வந்த இனத்தொடர்புச் சட்டம் பொது இடங்களில் அவ்வேற்றுமையைத் தடைசெய்தது. பிற்காலத்திற் பஞ்சாபியர் பலர் அப்பகுதிச் சாலைகளைத் தாமே வாங்கி, பீர்க்குழாயின் பக்கத்தில் இறைச்சி சுடும் அடுப்பையும் வைத்தனர். "தேசி பப்" என்று அவற்றுக்குப் பெயர். டேவிட் ஜேசுதாசன் என்பார் அவை பற்றி 2023இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். உள்ளே விடாத கதவுக்குச் சாவிக்காரரானவர்களின் கதை அது. தம்பிமார்க்கு அதைப் படித்து ஆசை எழுவதில் வியப்பில்லை.

ஆசைக்குப் பின் விலை. அங்கே "சாலை விற்பனைக்கு" என்ற ஒரே விளம்பரம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கலாம். நிலமும் கட்டடமும் உறுதி முடித்து முற்றாகக் கைக்கு வருவது ஒன்று. சில ஆண்டுக் குத்தகை மட்டும் வருவது மற்றொன்று. மூன்றாவதிலே குத்தகையோடு ஒரு கட்டும் வரும்: பீரை இன்ன கம்பனியிடமே, அது சொல்லும் விலைக்கே வாங்கவேண்டும். வாடகை குறைவு என்று மகிழ்ந்தவர், பீப்பாயின் விலையிலே அக்குறைவைத் திருப்பிச் செலுத்துவர். 500க்கு மேற்பட்ட இத்தகைய சாலைகளை உடைய பெருங்கம்பனிகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 முதல் ஒரு விதிக்கோவை உண்டு. கட்டை நீக்கிச் சந்தை வாடகை மட்டும் செலுத்தும்படி குறித்த சில வேளைகளிற் கேட்க அது இடந்தருகிறது. சிறு கம்பனியிடம் எடுத்தவர்க்கு அப்பாதுகாப்பு இல்லை.

சரக்கும் எளியதன்று. காலையில் இறக்கிய கள் மாலையிற் புளிப்பது எமக்குத் தெரியும். அங்கத்தைய பீப்பாய்ப் பீரும் உயிருள்ள பண்டமே. நிலவறையில் இருக்கும்போதும் அது நொதித்துக்கொண்டிருக்கும். அவ்வறையை 11 முதல் 13 பாகை வெப்பத்திலே வைத்திருத்தல் வேண்டும். திறந்தால் மூன்று நாளளவிலே விற்றாக வேண்டும். குழாய்களை வாரந்தோறும் கழுவவேண்டும். கழுவும்போது குழாயில் நின்ற பீர் கழிவாகப் போகும். இலாபக் கணக்குக் காட்டும் தரகர் இக்கழிவை எழுதிக் காட்டுவது அரிது.

இனி அனுமதிக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. (ஸ்கொட்லாந்துக்கு வேறு சட்டம்.) அதன்படி பத்திரம் இரண்டு. ஒன்று இடத்துக்கு உரியது. உள்ளூராட்சிச் சபை வழங்குவது. மற்றொன்று ஆளுக்கு உரியது. 18 வயது நிறைந்து, தேர்விற் சித்தியடைந்து, அந்நாட்டில் வேலை செய்யும் உரிமையும் உடையவர் பெறுவது. சாலைக்குப் பொறுப்பாளர் என ஒருவர் பெயர் இடத்துப் பத்திரத்திற் பதியப்பட்டிருக்கும். அவரிடம் ஆளுக்குரிய பத்திரம் இருத்தல் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத வேளையில் ஒரு கிண்ணமும் விற்கலாகாது. ஆகவே பணம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்றால், பெயருடையவர் கோபித்துப் புறப்படும் நாளிலே பணமுடையவர் கதவைச் சாத்தவேண்டியதுதான்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு சொல். படிக்கப் போன பிள்ளையிடம், "பெயரை மட்டும் தா, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று ஊரவர் கேட்பதுண்டு. கேட்பவர் மாமன் முறையாய் இருப்பார், மறுப்பது கடினம். மாணவர் விசாவில் இருப்பவர் சொந்தத் தொழில் நடத்தலாகாது. பட்டப்படிப்பாயின் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் கூலிவேலை செய்யலாம், அவ்வளவே. மாமன் இழப்பது பணம், பிள்ளை இழப்பது விசாவும் படிப்பும். முதலாளிமார்க்கும் ஒன்று: உரிமையில்லாதவரை வேலைக்கு வைத்தால், முதன்முறைக்கே தலைக்கு 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம் என 2024 பெப்ரவரியில் உயர்த்தியிருக்கிறார்கள். சிறிய சாலையொன்றின் கதையை முடிக்க ஒரு தலை போதும்.

யாம் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இடத்துப் பத்திரம் தனியொருவர் பெயரில் இருந்து, அவர் இறந்துவிட்டால், பத்திரமும் அன்றே செயலற்றுப் போகிறது. 28 நாட்களுள் உரியவர் இடைக்கால அறிவித்தல் கொடுக்கவோ பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவோ வேண்டும். தவறினால் அது மீளாது. எமது வீடுகளிலே எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்து, அழுத கண் காய்ந்து, யாராவது பெட்டியைத் திறந்து கடுதாசி பார்க்கும்போது 31ஆம் நாள் கடந்துவிடும். பத்திரத்தை ஒரு கம்பனியின் பெயரில் எடுத்திருந்தால் ஒருவர் மரணத்தால் அது விழாது. ஆயினும் பொறுப்பாளர் இறந்திருந்தால் வேறொருவரை உடனே நியமிக்கவேண்டும். பெரும்பாலும் அங்கே நிற்கக்கூடியவள் மனைவி ஒருத்தியே.

எம் நாட்டிலோ மதுச்சாலையிற் பெண்கள் வேலை செய்வதற்கு 1979 முதல் தடை. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலே ஜனாதிபதி சிறிசேன மீட்டும் தடுத்துவிட்டார். அவ்வழக்கிலே வளர்ந்தவர்கள், பிரித்தானியாவிலும் தங்கையை மேல்மாடியிற் சமையலோடு நிறுத்திவிடுகிறார்கள். அவள் ஆளுக்குரிய பத்திரம் எடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு தடையுமில்லை. ஒருநாட் படிப்பு, 40 வினாக்கள், 28க்குச் சரியான விடை எழுதினாற் சித்தி. விண்ணப்பக் கட்டணம் 37 பவுண். 2015 முதல் அதனைப் புதுப்பிக்கவேண்டிய தேவையும் இல்லை.