கஷாயத்துக்கும் கணக்கு வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜலதோஷமும் ஜுரமும் கூடவே வந்துவிடுகின்றன. பஸ் நிலையத்திலும் ஆலை வாசலிலும் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றுவதை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். முகம் சுளித்துக்கொண்டு குடித்தும் இருப்பார்கள். 2012இல் டெங்கு பரவியபோது சர்க்காரே இதை விநியோகித்தது. 2020இல் கொரோனா வந்தபோது, சேலம் ஜில்லாக்காரரான அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 'ஆரோக்கியம்' என்ற திட்டத்தைத் துவக்கினார். கபசுரக் குடிநீரும் வீதிக்கு வந்தது.

இதனால் பலன் உண்டா? இப்படிக் கேட்பதே குற்றம் என்கிறார்கள் சிலர். ஆராய்ச்சி முடிவு தெரியும்வரை நிலவேம்பை விநியோகிக்க வேண்டாமென்று 2017இல் நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாருக்குச் சொன்னார். போலீஸில் புகார் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது விவகாரம்! இன்னொரு பக்கம், நாட்டு மருந்தெல்லாம் வெறும் தழைச்சாறு என்று சிரிக்கிற படிப்பாளிகளும் இருக்கிறார்கள். இந்த இரு கூட்டத்தாரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஜுரத்தால் ஒரு நாள் கூலியை இழக்கிற தொழிலாளிக்கு, தன் வாயில் ஊற்றப்படுவது என்ன செய்யும் என்று கேட்கப் பூரண உரிமை உண்டு.

ஜலதோஷ ஜுரம் பெரும்பாலும் நாலைந்து நாளில், ஒரு வாரத்தில், தானாகவே விட்டுப்போகும். மூன்றாம் நாள் கஷாயம் குடித்தவன் ஐந்தாம் நாள் எழுந்தால் கஷாயத்துக்குப் பெயர். மந்திரித்த கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்குப் பெயர். ஆகவேதான் விஞ்ஞானிகள் நோயாளிகளை இரண்டு கூட்டமாகச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து, மற்றதற்கு அதேபோலத் தோன்றும் வெறும் மாத்திரை. எது யாருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது.

நிலவேம்பின் சாரத்தை வைத்து நம் நாட்டில் 223 பேரிடம் இப்படி நடத்திய சோதனை 2010இல் வெளியாயிற்று. முதல் மூன்று நாள் இரு கூட்டத்தாரும் ஒன்றுபோலவே தேறினார்கள். அதன் பிறகுதான் வித்தியாசம்: ஐந்தாம் நாளுக்குள் நிலவேம்பு உண்டவர்களுக்குத் தொந்தரவு மேலும் குறைந்தது, மற்றவர்களுக்கு நின்ற இடத்திலேயே நின்றது. 2017இல் 33 சோதனைகளை, 7,175 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களும் இருமலும் தொண்டை வலியும் குறைவதாகவே கண்டார்கள். ஆனால் அச்சோதனைகளில் பல ஒழுங்காக நடத்தப்படாதவை என்றும் அவர்களே எழுதினார்கள்.

ஆகவே கை வைத்தியம் செய்த நம் பாட்டிமார் முட்டாள்கள் அல்ல. ஆனால் சோதித்தது அளந்து செய்த சாரத்தை. அண்டாவில் இருப்பதோ நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம் சேர்ந்த ஒன்பது சரக்குக் கஷாயம். காய்ச்சும் பக்குவம் மாறினாலே மருந்து மாறிவிடும். சீனத்துப் பெண் விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, மூலிகையைக் கொதிக்க வைத்ததால்தான் அதன் சக்தி அழிகிறது என்பதைப் பழைய வைத்திய நூல் ஒன்றின் குறிப்பிலிருந்து பிடித்தார். சூடு குறைத்து எடுத்த சாறு பலித்தது. வியத்நாம் யுத்த காலத்தில், 1967இல், சீன சர்க்கார் துவக்கிய திட்டம் அது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டைக் கும்பிட்டு மூலையில் வைத்திருந்தால் இது நடந்திராது.

டெங்கு விஷயம் வேறு. சோதனைக் குழாயில் வளர்த்த உயிரணுக்களில் நிலவேம்புக் குடிநீரின் சாரம் அந்தக் கிருமியைத் தடுத்ததாக ஆய்வு உண்டு. குழாய் வேறு, மனித உடல் வேறு. டெங்குவைக் குணப்படுத்தும் என்று சொல்ல அது போதாது. தாய்லாந்தில் நிலவேம்பு கொரோனா நிமோனியாவைத் தடுத்ததாக வந்த கட்டுரையைக் கணக்குப் பிழை காரணமாக 2021இல் ஆய்வாளர்களே திரும்பப் பெற்றார்கள். அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலத்தின் பெயர் தாங்கிய சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்டாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, இதே ஒன்பது சரக்குக் கஷாயத்தை அங்கே முறைப்படி சோதித்து, பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவைத் தமிழில் அச்சிட வேண்டும்.

ஜுரக்காரனுக்கு ஓய்வும் வேண்டும். 1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் நோய்ப் படியில் முதல் இரண்டு நாளைக் காத்திருப்பு என்று கழித்தது. ஜலதோஷ ஜுரத்துக்கு அந்த இரண்டு நாள்தானே கடுமை! விவசாயத் தொழிலாளிக்கு அந்தச் சட்டமே எட்டவில்லை. வாசலில் ஒரு தம்ளர் கஷாயம் கொடுத்து உள்ளே அனுப்பும் முதலாளி, சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்கட்டும்.

கஷாயம் குடிப்போர் குடிக்கட்டும். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். டெங்குவில் ஜுரம் இறங்குகிற நாள்தான் அபாயமான நாள். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கண்டால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த ராத்திரியில் ரத்தம் பார்க்க அங்கே ஆள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சர்க்காரிடம் கேட்கிறோம்.