காவல்காரனுக்குப் படி அளப்பது யார்?

"விளையாட்டுச் சங்கங்கள் போட்ட குப்பையை வரிப்பணத்தில் ஏன் கூட்ட வேண்டும்? பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார் நண்பர், இளம் வீரர்களைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க அமெரிக்க அரசு தரும் மானியத்தைப் பற்றி.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவன் லாரி நாசர் (இவனுக்கு 'ர்' விகுதி ஒரு கேடா?) சில சிறுமிகளைச் சீரழித்தபோது, தாய் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு நிற்பான். 2015-லேயே புகார் எஃப்.பி.ஐ.யிடம் போனது, அங்கே கோப்பு தூங்கியது. மறு ஆண்டு 'இண்டியானாபொலிஸ் ஸ்டார்' நாளிதழ் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது.

வரிப்பணம் என்றாரே, கணக்கையே பார்ப்போம். இளம் வீரர்களைக் காக்க 2018-இல் அமெரிக்க அரசு ஒதுக்கிய மானியம் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டாலர். அந்தக் கோப்பு தூங்கியதற்காக அதே அரசு 2024-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர ஒப்புக்கொண்டது 13 கோடியே 87 லட்சம். 55 ஆண்டு மானியம் ஒரே மூச்சில்!

நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இத்தகைய புகார்களை விசாரிக்கும் 'சேஃப்ஸ்போர்ட்' மையத்துக்கு, 2020 சட்டப்படி ஆண்டுக்கு 2 கோடி டாலர் தருவது அமெரிக்க ஒலிம்பிக் குழு. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர் வீட்டுப் பத்தாயத்திலிருந்தே காவல்காரனுக்குப் படி. மையம் வழக்குகளை இழுத்தடிக்கிறது என்பதும் உண்மைதான். அதற்காக அரசு தரும் கொஞ்ச நஞ்சத்தையும் வெட்டினால், கோப்பு வேகமாக நகர்ந்துவிடுமா?