வெண்புள்ளி உள்ளவர்கள் தைராய்டையும் கவனிக்க வேண்டும்

வெண்புள்ளி தொழுநோயன்று, தொட்டால் ஒட்டிக்கொள்வதும் அன்று. ‘வெண்குஷ்டம்’ என்னும் பிழையான சொல்லைக் கைவிட்டு ‘வெண்புள்ளிகள்’ என்றே வழங்க வேண்டுமெனத் தமிழக அரசு ஆணையிட்டதும் இதனால்தான். ஆயினும், நோயாளியைத் தேற்றுவதற்காகப் பலரும் கூறும் “இது தோலின் நிறக்குறைவு மட்டுமே, உடம்புக்குள் ஒன்றுமில்லை” என்னும் சொல் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. வெண்புள்ளி உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

தோலுக்கு நிறம் தருபவை மெலனோசைட் எனப்படும் நிறமி அணுக்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் இவற்றையே பகையாகக் கருதி அழிப்பதால் வெண்திட்டுகள் தோன்றுகின்றன. இத்தகைய நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். இந்தப் போக்கு குடும்பவழியாக வருவதுண்டு. ஓர் உறுப்போடு நில்லாமல் போவதும் உண்டு. கழுத்திலுள்ள தைராய்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள், சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பி ஆகியவையும் இவ்வாறே தாக்கப்படலாம். இத்தொடர்பு நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் அட்ரினல் நோயை விவரித்தபோதே, அதனுடன் தோலில் வெண்திட்டுகள் காணப்பட்டதையும் பதிவு செய்தார்.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது தைராய்டு நோய். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வெண்புள்ளி உள்ள 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு அது இருக்கிறது. எஞ்சியோருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தோன்றும் வெண்புள்ளியில் இத்தொடர்பு குறைவு. ஒட்டும் பொட்டின் பசையால் நெற்றியில் ஏற்படும் வெளுப்பு வேறு வகையைச் சேர்ந்தது.

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் இந்நோய் எளிதில் மறைந்துகொள்ளும். கரிமூட்டத்திலும் காட்டு வேலையிலும் பகலெல்லாம் வெயிலில் நிற்பவர் சோர்வாக இருக்கிறது என்றால், உழைப்பின் களைப்பு என்றே வீட்டார் எண்ணுவர். உடல் பருத்தல், மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாய் மிகுதல், குளிர் தாங்காமை ஆகியவை தைராய்டுச் சுரப்புக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். படபடப்பு, கை நடுக்கம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை சுரப்பு மிகுதியைக் காட்டலாம்.

வெண்புள்ளி உள்ள பெண்ணின் குடும்பம் திருமணத்தை எண்ணிப் புள்ளியை மறைப்பதிலேயே கவலை முழுவதையும் செலவிடுகிறது. மறைந்திருக்கும் தைராய்டுக் குறைவோ கருவுற்ற பின்னர் இடர் விளைவிக்கும். கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே சார்ந்திருக்கிறது. அக்குறைவைக் கவனியாது விட்டால் கருச்சிதைவும் நேரலாம். “ஏற்கெனவே ஒரு குறை, இன்னொரு நோயின் பெயரையும் சேர்க்க வேண்டுமா?” என்று பெற்றோர் கேட்பதன் வலியை நாங்கள் அறிவோம். ஆனால் பரிசோதனை நோயை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. தினம் ஒரு மாத்திரையால் சரிசெய்யக்கூடிய நோயை அறியாமல் இருப்பதே பெரிய இழப்பு.

டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையே முதற்படி. தேவையெனில் தைராய்டு எதிர்ப்பொருளையும் மருத்துவர் பார்ப்பார். முடிவு இயல்பாக இருந்தால், அறிகுறி தோன்றும்போதும் கருவுறத் திட்டமிடும்போதும் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாச் சுரப்பிகளுக்கும் எல்லாப் பரிசோதனைகளும் வேண்டியதில்லை. வீண் செலவை நாங்களும் விரும்பவில்லை. குழந்தைக்கு அடங்காத் தாகமும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், உடல் மெலிவும் இருந்தால் அன்றே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். தலைசுற்றல், எடைக்குறைவு ஆகியவற்றுடன் உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்தால், வெயிலில் கறுத்தது என்று விட்டுவிடலாகாது. அது அட்ரினல் நோயாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று. தைராய்டு மாத்திரை சுரப்பைச் சரிசெய்யும். போன நிறத்தைத் திருப்பித் தராது. நிறத்துக்குக் களிம்பு, ஒளிச் சிகிச்சை ஆகியவை தனியே உண்டு. பாலையும் மீனையும் சேர்த்து உண்டதால் புள்ளி வந்தது என்பதற்கு ஆதாரமில்லை. அந்த அச்சத்தால் குழந்தையின் உணவைக் குறைக்க வேண்டாம். பெயர் தெரியாத பொடிகளையும் மாத்திரைகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தும்போது அட்ரினல் சுரப்பி செயலிழந்து உயிருக்கே கேடு நேரலாம்.

அருப்புக்கோட்டைக்கோ, விருதுநகருக்கோ, மதுரைக்கோ தோல் மருத்துவரைக் காணச் செல்லும்போது, “தைராய்டு பார்க்க வேண்டுமா, ஐயா?” என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. அதற்கு விடையளிப்பது எங்கள் கடமை.