முதலில் செலவழி, பிறகு தருகிறோம்: பிரெஞ்சு ஆய்வுச் சங்கங்களும் நம் பிள்ளைகளும்

போன வருடம் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் படித்து வளர்ந்த ஒரு தங்கை என்னைத் தேடி வந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இவள் பிரெஞ்சில் எம்.ஏ. முடித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். ஐரோப்பிய நாடு ஒன்றில் ஒரு கல்விச் சங்கம் நடத்தும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்திருந்தது. பயண உதவித்தொகையும் உண்டு என்று கடிதம் சொன்னது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

கடிதத்தின் கடைசிப் பத்தியைக் காட்டினாள். விமான டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் அவளே முதலில் பணம் கட்ட வேண்டும். கருத்தரங்கு முடிந்து, ரசீதுகளை அனுப்பிய பிறகு தொகை வங்கிக் கணக்குக்கு வரும். உதவி கேட்பதற்கே சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அந்தக் கட்டணத்தைக் கட்ட கிரெடிட் கார்டு வேண்டும். "பிறகு தர்றதை முன்னாடியே தந்தா என்னக்கா?" என்று கேட்டாள். அதையே சங்கத்துக்கும் எழுதிக் கேட்டாள். விதி அப்படித்தான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடகு வைக்க வீட்டில் நகை இல்லை. அவள் போகவில்லை.

யாரும் அவளைச் சாதி சொல்லித் திட்டவில்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வர ஒன்றரை லட்சம் ரூபாயைக் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட விலக்கலை நாம் சரியாகப் பெயர் சொல்லி அழைக்கப் பழக வேண்டும்.

"பிரெஞ்சு ஆய்வுச் சங்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் தோழர்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘பரியா’ என்றொரு சொல் உண்டு. எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். பறையர் என்ற நம் பெயர்தான் ஐரோப்பியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. 1791-ல் பெர்னார்தென் த சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்ற கதையில் ஒரு பரியாவை ஞானியாக்கினார். 1821-ல் கசிமிர் தெலவீன் ‘பரியா’ என்றே ஒரு நாடகம் எழுதினார். 1838-ல் ஃப்ளோரா திரிஸ்தான் தன் பெரு நாட்டுப் பயண நூலின் தலைப்பில் தன்னையே பரியா என்று அழைத்துக்கொண்டார். நம் நாட்டுக்கே வராதவர்கள் நம் பெயரை வைத்து இலக்கியம் செய்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று துணிந்து பெயரிட்டுத் தன் இதழைத் தொடங்கியது 1893-ல். அதற்கு நூறு வருடம் முன்பே அந்தப் பெயர் பாரிசில் புழங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் தலித் பெண் வீரம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் தமிழில் சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்ட வாழ்க்கை, 1995-ல் பாரிசில் பிரெஞ்சு நூலாக வந்தது. பதிவு செய்து உருவாக்கிய ஜோசியான் ராசின், ழான்-லுய்க் ராசின் ஆகியோரோடு வீரம்மாவின் பெயரும் நூலாசிரியராக அட்டையில் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்தினிக்குக்கும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வரலாறும் பிரெஞ்சு ஆவணங்களில்தான் கிடக்கிறது. இந்த வரலாற்றைப் படிக்கிற மேசையில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி இல்லையென்றால், நம்மைப் பற்றி மறுபடியும் மற்றவர்களே எழுதுவார்கள்.

இனி சங்கங்களுக்கு வருவோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இயங்கும் பிரெஞ்சு ஆய்வுகளுக்கான சங்கம் இத்துறையின் பழைய அமைப்பு. 1947 முதல் தன் ஆய்விதழை நடத்துகிறது. (தங்கையின் கதையில் வருவது இந்தச் சங்கம் அல்ல.) ஆண்டுதோறும் மாநாடு, சிறந்த நூலுக்குப் பரிசு, இளம் ஆய்வாளரின் கட்டுரைக்கென்று தனிப் பரிசு, ஆய்வு மாணவர்களைக் கவனிக்கப் பொறுப்பாளர்கள் என்று பல வேலைகள் செய்கிறது. கரீபியம், ஆப்பிரிக்கா பக்கத்து பிரெஞ்சு இலக்கியத்துக்கென இருந்த ஒரு சிறிய சங்கம் 2002-ல் விரிவடைந்து, முன்னாள் காலனி நாடுகளைப் பற்றிய ஆய்வுகளுக்கான தனிச் சங்கமானது. பிரான்சை மட்டுமே பிரெஞ்சு என்று நினைத்த காலம் போய்விட்டது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அங்கேயும் நிலைமை சுகமாக இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயம் என்ற விதி 2004-ல் நீக்கப்பட்டது. பிரெஞ்சு படிக்க வருவோர் குறைந்தனர். 2023-ல் அபெர்டீன் பல்கலைக்கழகமும் 2025-ல் கார்டிஃப் பல்கலைக்கழகமும் மொழிப் பட்டங்களில் கைவைக்க முயன்று பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன. துறைகள் சுருங்கும்போது, நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில் பாடம் எடுப்பவர்கள் பெருகுகிறார்கள். பல்கலைக்கழகம் பயணச் செலவு தராத அவர்களுக்குச் சங்கம்தான் மிச்சமிருக்கும் துணை. ஆகவே ‘முதலில் செலவழி’ என்ற விதி நம் தங்கையை மட்டும் அடிப்பதில்லை. அங்குள்ள ஏழை ஆய்வாளரையும் அடிக்கிறது.

நான் பத்து வருடமாக மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். உறுப்பினரை எப்படித் தக்கவைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, அந்தப் பெண்கள்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற நேரமாகப் பார்த்து, இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். ஒருத்தி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லையென்றால் இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் பணத்தை முதலில் கொடுப்பார்கள், கணக்கைப் பிறகு கேட்பார்கள். தலைவி, செயலாளர் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். இதில் புரியாத கோட்பாடு எதுவும் இல்லை.

கல்விச் சங்கங்கள் இதைச் செய்ய முடியாதா? முடியும். உதவித்தொகையை முன்பணமாகவே தரலாம், அல்லது டிக்கெட்டைச் சங்கமே எடுத்துக் கொடுக்கலாம். கட்டணத்தை வருமானத்துக்கு ஏற்ப வைத்து, வருமானமில்லாதவர்களுக்கு இலவசமாக்கலாம். விசா அழைப்புக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் நான்கு மாதம் முன்னதாக அனுப்பலாம். செயற்குழுவில் ஆய்வு மாணவருக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கும் வாக்குரிமையோடு இடம் தரலாம்.

நடத்தை விதிகளில் சாதியின் பெயரையும் எழுத வேண்டும். இது அங்கே இல்லாத பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க பிரிட்டன் நாடாளுமன்றம் 2013-ல் அரசைக் கட்டாயப்படுத்தியது. 2018-ல் அரசு அதிலிருந்து பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லேயே சாதியைத் தன் விதிகளில் சேர்த்தது. ஒரு பல்கலைக்கழகத்தால் முடிந்தது ஒரு சங்கத்தாலும் முடியும்.

உதவி என்பது தொகையில் மட்டும் இல்லை. அது வருகிற நேரத்திலும் இருக்கிறது. அண்ணலின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1913-ல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போனார். அங்கிருந்து 1916-ல் லண்டன் சென்றார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சொந்தச் சேமிப்போடும் கடனோடும் 1920-ல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. அம்பேத்கருக்கே மூன்று வருடம் போனது. திரும்பிப் போக முடியாமலே போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

தம்பி தங்கைகளே, ஒன்று மட்டும் கேட்கிறேன். "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் மொழி" என்று ஒதுங்காதீர்கள். பிரெஞ்சோ ஜெர்மனோ எதைப் படித்தாலும் அந்தத் துறையின் சங்கம் எது என்று தேடுங்கள். மாணவர் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். ஆய்வு மாணவர் பொறுப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். முன்பணம் கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் கேட்டால் விதியைக் காட்டுவார்கள். இருபது பேர் கேட்டால் விதியை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிவரும். உள்ளே போனவர்கள் பொறுப்புக்குப் போட்டியிடுங்கள்.

எங்கள் படிப்பகத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து மாதம் 200 ரூபாய் போட்டு ஒரு சுழல்நிதி தொடங்கியிருக்கிறோம். முன்பணமாகக் கொடுப்போம். சங்கத்திலிருந்து பணம் வந்ததும் அது அடுத்த பிள்ளைக்குப் போகும். தங்கை இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள், இந்த முறை வேறொரு சங்கத்துக்கு. விண்ணப்பத்தோடு முன்பணம் கேட்டு ஒரு கடிதமும் வைத்திருக்கிறாள். நிதி கையில் இருக்கும்போது எதற்கு அந்தக் கடிதம் என்று கேட்டேன்.

"நமக்கு நிதி இருக்குக்கா. அடுத்த ஊர்ல இருக்கிற பொண்ணுக்கு யாரு இருக்கா?" என்றாள்.